பீரங்கிச் சாலையில் இரண்டு சம்பந்திகள்

மகனும் மருமகளும் பிரிந்த பிறகு கண்ணாடிக்காரம்மாவுக்கு வந்த முதல் சங்கடம், மருமகளின் அம்மாவை இனி என்னவென்று கூப்பிடுவது என்பதுதான். பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. அக்கா என்றால் யாருக்கு வயது அதிகம் என்ற பேச்சு வரும். யோசித்துப் பார்த்துவிட்டு, போனை எடுத்து, "சம்பந்தி, நாம போறது போறதுதானே?" என்று கேட்டாள்.

"போகாம? வண்டியை சர்வீசுக்கு விட்டாச்சு" என்றது மறுமுனை.

பேருந்து நிலையத்துக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் ஊர் அவளைக் கண்ணாடிக்காரம்மா என்றது. சம்பந்திக்கு வேறு பட்டப்பெயர். அவள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். பழக வருகிறவர்கள் ஸ்டியரிங்கில் கை வைத்த கையோடு, பக்கத்து இருக்கையில் தனக்கென்று பொருத்தியிருக்கும் பிரேக்கை ஒரு மிதி மிதித்துவிடுவாள். அதனால் பிரேக்கம்மா. அந்தப் பெயர் தன் காதில் விழுந்தும் விழாததுமாக அவள் இருபது வருடம் ஓட்டிவிட்டாள்.

பயணத் திட்டம் கல்யாண மண்டபத்திலேயே போட்டது. விருந்தாளிகள் எல்லாம் போன பிறகு, பின்னறையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கும் எதிரே சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. அதில் ஒரு மலைச்சாலை. எந்தக் காலத்திலோ ஒரு ராஜாவின் படை பீரங்கிகளை இழுத்துக்கொண்டு போவதற்காக மலையை வெட்டிப் போட்டது. ஆற்றோரம் ஏறி, பாழடைந்த வெள்ளிச் சுரங்க ஊரைத் தாண்டி, கணவாயைக் கடந்து, மறுபக்கம் ஏரிக்கரைக் கோட்டையில் போய் முடியும். "இதுல ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும்" என்றாள் பிரேக்கம்மா. "ஓட்டுங்க, நான் உட்கார்ந்து பாக்கறேன்" என்றாள் கண்ணாடிக்காரம்மா. அன்றைக்கே இருவருக்கும் ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு ஏதேதோ வேலை, தள்ளித் தள்ளிப் போயிற்று. பிள்ளைகளின் கல்யாணம் மூன்றாம் வருடத்தில் முறிந்தது. அதே சமயம், மலையைக் குடைந்து புதுப்பாதை திறந்தாகிவிட்டது, பழைய பீரங்கிச் சாலையை இந்த மழைக்குப் பிறகு பராமரிக்க மாட்டார்கள் என்று செய்தித்தாளின் ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். இப்போது போனால் உண்டு.

மகனுக்கு விஷயம் தெரிந்ததும் கடைக்கே வந்துவிட்டான். அதிகம் பேசுகிற பிள்ளை இல்லை. கண்ணாடிச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அம்மா, எங்களுக்கு விவாகரத்து ஆகியாச்சு."

"தெரியும்ப்பா. கையெழுத்துப் போட நானும்தானே கூட வந்தேன்."

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா ஊர் சுத்தினா மத்தவங்க என்ன நினைப்பாங்க?"

"கார்ல போறாங்கன்னு நினைப்பாங்க."

அவன் மேற்கொண்டு வாதாடவில்லை. அந்தப் பக்கம் மகள் தன் அம்மாவிடம் ஒரு மணி நேரம் வாதாடியதாகவும், பிரேக்கம்மா ஒற்றைக் காலில் நின்று சாதித்ததாகவும் பிறகு தெரிந்தது.

டிரைவிங் ஸ்கூல் காரிலேயே புறப்பட்டார்கள். கூரையில் பழகுநர் பலகை, முன்னும் பின்னும் சிவப்பு எழுத்து. பலகையைக் கழற்றலாமே என்றதற்கு, "இருக்கட்டும். இதைப் பாத்தா எல்லாரும் ஒதுங்கிப் போவாங்க" என்றாள் பிரேக்கம்மா. உண்மைதான். நெடுஞ்சாலையில் லாரிகள்கூட மரியாதையாக விலகின.

ஆற்றங்கரையில் தார்ச்சாலை முடிந்து கருங்கல் பாவிய சாலை தொடங்கியதும் இரண்டு பேரும் ஜன்னல் கண்ணாடிகளை இறக்கினார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தில் பச்சையாக ஆறு. சாலையின் வளைவுகளில் எல்லாம் இடுப்பளவு கல்தூண்கள். சரிவில் பீரங்கி பின்னால் உருளாமல் இருக்கக் கயிறு சுற்றிப் பிடித்த தூண்கள் அவை. கயிறு அறுத்த தடம் ஒவ்வொன்றிலும் விரல் ஆழத்துக்கு இருந்தது. உச்சியில் காவல் கோபுரங்கள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நின்றன. கண்ணாடிக்காரம்மா ஒவ்வொரு வளைவிலும் இறங்கிப் பார்க்க வேண்டும் என்றாள். பிரேக்கம்மாவும் சளைக்காமல் நிறுத்தினாள்.

வெள்ளிச் சுரங்க ஊருக்குச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தார்கள். கூரை இல்லாத வீடுகள் இரண்டு வரிசை. நடுவே கூலி கொடுத்த அலுவலகம். அதன் ஜன்னல் கம்பிக்குக் கீழே, கை நீட்டி நீட்டித் தேய்ந்த மரப்பலகை. பள்ளிக்கூடத்தில் கரும்பலகை சுவரோடு இருந்தது, சுவர்தான் பாதி இல்லை. அங்கே இருந்த ஒரே ஆள் தொல்லியல் துறையின் காவல்காரர். அவருடைய கண்ணாடியின் ஒரு கால் நூலால் கட்டப்பட்டிருந்தது. கண்ணாடிக்காரம்மாவுக்குக் கை சும்மா இருக்குமா? பையிலிருந்து குட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ஒரு திருகாணி போட்டு, காதுப்பக்கம் கொஞ்சம் வளைத்துக் கொடுத்தாள். அவர் போட்டுக்கொண்டு முதலில் பார்த்தது காரின் பலகையை.

"பழகறதுக்கா இந்த ரோடுக்கு வந்தீங்க?"

"இவங்க பழக்கறவங்க" என்றாள் கண்ணாடிக்காரம்மா.

"யாரா இருந்தாலும் சரிம்மா. மேல சுங்கச்சாவடி தாண்டினா ஒரு ஓடை வரும். பாலம் போயிருச்சு. தண்ணிக்கு அடியில பழைய கல்தளம் இருக்கு, பீரங்கி இறங்கறதுக்குப் போட்டது. உடைஞ்ச தூணுக்கு மேல்பக்கமா போங்க. கீழ்ப்பக்கம் போனா பள்ளம்."

அலுவலக அறையில் அவர் கொடுத்த இரண்டு கட்டில்களில் படுத்தார்கள். ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பாடு. படுத்தவுடன் தூங்கிவிட்டார்கள்.

மறுநாள் காலை சுங்கச்சாவடியில்தான் வினை வந்தது. ராஜா காலத்தில் சாலையை அடைத்துக் கட்டிய கல்வாசல். உள்சுவரில் கைதிகளைப் பூட்டிய இரும்பு வளையங்கள். பக்கத்தில் மேல்மாடத்துக்குப் போகும் குறுகிய படி. வளையத்தை ஆட்டிப் பார்த்துக்கொண்டே பிரேக்கம்மா சாதாரணமாகத்தான் ஆரம்பித்தாள்.

"இதுல கட்டிப் போட்டாக்கூட வாய் திறக்காத ஆளுங்க இருந்திருப்பாங்க. உங்க பையன் மாதிரி."

கண்ணாடிக்காரம்மா சிரிக்கவில்லை. "என்ன சொல்ல வர்றீங்க?"

"தப்பா ஒண்ணும் சொல்லல. பேசாம இருக்கறதுக்கும் ஒரு அளவு உண்டு இல்லையா? என் பொண்ணு மாசக்கணக்கா சுவரோட பேசிட்டிருந்தா."

"உங்க பொண்ணு பேச்சை நிறுத்தியிருந்தாத்தானே அவன் ஆரம்பிக்க முடியும்?"

"அப்போ தப்பு எங்க மேல."

"நான் அப்படிச் சொல்லல. நீங்கதான் ஆரம்பிச்சீங்க."

இத்தனை நாளாக இருவரும் இந்தப் பேச்சைத் தொடாமல் சுற்றிச் சுற்றியே நடந்திருந்தார்கள். இப்போது இரண்டு பக்கத்து மூட்டையும் அவிழ்ந்தது. பையன் ஒருமுறைகூட மாமியார் வீட்டில் தங்காதது, பெண் யாரையும் கேட்காமல் வெளியூர் வேலைக்கு ஒத்துக்கொண்டது, யார் முதலில் பெட்டியைக் கட்டினார்கள் என்பது, எல்லாம் வெளியே வந்தது. பிரேக்கம்மா முகம் சிவந்து, "எனக்குக் கொஞ்சம் காத்து வேணும்" என்று படியேறினாள். கோபத்தில் ஏறுகிறவர்கள் படியைப் பார்ப்பதில்லை. மூன்றாம் படியின் கல் ஆடியது. கண்ணாடிக்காரம்மா ஓடி வருவதற்குள் அவள் கீழே உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே கால் வீங்கியது. ஊன்றச் சொன்னாள், முடியவில்லை. இரண்டு போன்களிலும் சிக்னல் இல்லை. கண்ணாடிக்காரம்மா ஈரத்துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, அவளைத் தோளில் சாய்த்துக் காருக்கு நடத்திக்கொண்டு வந்தாள்.

"திரும்பிடலாம்" என்றாள் பிரேக்கம்மா, கார்க் கதவில் சாய்ந்துகொண்டு. "காவல்காரர்கிட்ட போவோம்."

"அவர் என்ன டாக்டரா? பின்னாடி போனா ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் ஓட்டணும். கணவாய்க்கு அந்தப் பக்கம் இறங்கினா அடிவாரத்திலேயே இருக்கு. மேப்புல பாத்தேன். அரை நாள்."

"யார் ஓட்டறது?"

"நான்தான்."

பிரேக்கம்மாவுக்கு வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடிக்காரம்மாவிடம் லைசென்ஸ் உண்டு; அதைத் தவறாமல் புதுப்பித்தும் வைத்திருந்தாள். ஆனால் கடைசியாக அவள் ஓட்டியபோது ஒரு தள்ளுவண்டியில் இருந்த தக்காளி முழுவதும் தெருவில் ஓடியது. அதோடு சாவியைத் தொடவில்லை.

"நேரான ரோடுலயே தக்காளியைச் சாய்ச்சவங்கதானே நீங்க?"

"இன்னைக்கு வளைஞ்ச ரோடுல ஓட்டறேன். ஏறுங்க."

பிரேக்கம்மா ஏறி, பழக்க தோஷத்தில், நல்ல காலைத் தன் பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டாள்.

வண்டி இரண்டு முறை விக்கி நின்று மூன்றாவது முறை நகர்ந்தது. ஓடைக்கு வந்தபோது கண்ணாடிக்காரம்மாவின் முதுகு நனைந்திருந்தது. பாலத்தின் ஒரு தூண் மட்டும் தண்ணீரின் நடுவே பல் மாதிரி நின்றது. காரை நிறுத்தி, புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, செருப்போடு இறங்கினாள். தண்ணீர் எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. தூணுக்கு மேல்பக்கமாக ஒவ்வொரு அடியாகத் துழாவினாள். காலுக்குக் கீழே கல், அடுத்தது கல், அதற்கடுத்ததும் கல். காவல்காரர் சொன்ன தளம் அங்கேதான் இருந்தது. மறுகரை வரை நடந்துபோய்த் திரும்பி வந்தாள்.

"முழங்காலுக்குக் கீழதான் தண்ணி. ஃபர்ஸ்ட் கியர்ல விடாம போனா போயிடலாம் இல்ல?"

"போகலாம். நடுவுல மட்டும் நிறுத்தக் கூடாது" என்றாள் பிரேக்கம்மா.

நடுவில் நிறுத்தியது அவளேதான். பாதி தூரத்தில் ஒரு சக்கரம் கல் இடுக்கில் இறங்கி ஏற, கார் சாய்ந்தது. மூளைக்கு முன்னால் கால் வேலை செய்துவிட்டது. பிரேக் விழுந்தது. எஞ்சின் நின்றது. தண்ணீர் கதவில் மோதிச் சலசலத்துக்கொண்டு போவது மட்டும் கேட்டது.

இரண்டு பேரும் அசையவில்லை. கண்ணாடிக்காரம்மாவுக்குக் கத்தலாம் என்று தோன்றியது. கத்துவதற்கு நேரமில்லை என்றும் தோன்றியது. கதவின் அடியிலிருந்து தண்ணீர் உள்ளே கசிய ஆரம்பித்திருந்தது.

"காலை எடுங்க" என்றாள், தாழ்ந்த குரலில்.

பிரேக்கம்மா காலை எடுத்துச் சீட்டின் மேல் மடக்கிக்கொண்டாள். கண்ணாடிக்காரம்மா சாவியைத் திருப்பினாள், பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினாள், இருமியது. அடுத்த தடவை பிடித்துக்கொண்டது. கிளட்சை இம்மி இம்மியாக விட்டாள். கார் முனகிக்கொண்டே ஊர்ந்து, மறுகரைச் சரளையில் ஏறி, தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றது. கண்ணாடிக்காரம்மா ஸ்டியரிங்கில் இருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

"சம்பந்தி, பின்னாடி போய் உட்காருங்க."

"இது என் காரு."

"கார் உங்களோடதுதான். கால் மட்டும் பின் சீட்டுல இருக்கட்டும்."

இருபது வருடத்தில் பிரேக்கம்மா அந்தக் காரின் பின் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்து, வீங்கிய காலைச் சீட்டு முழுக்க நீட்டிக்கொண்டாள்.

அதற்கு மேல் ஏற்றம். கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. கண்ணாடிக்காரம்மா வானத்தையும் பார்க்கவில்லை, பள்ளத்தையும் பார்க்கவில்லை; எதிரே தெரிந்த அடுத்த கல்தூணை மட்டும் பார்த்து ஓட்டினாள். ஒரு வளைவில் எதிரே ஜீப் வந்தது. சாலைத்துறை ஆட்கள், எச்சரிக்கைப் பலகைகளை எல்லாம் பிடுங்கி ஏற்றிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு வண்டிதான் போக முடியும். யாராவது பின்னால் போக வேண்டும். ரிவர்ஸ் கியர் எந்தப் பக்கம் என்று அவள் துழாவினாள். அதற்குள் ஜீப் ஓட்டுநரின் கண் கூரைப் பலகையில் விழுந்தது. கையெடுத்துக் கும்பிடாத குறையாக அவரே பின்னால் போய், பாறையோடு ஒட்டி ஒதுங்கிக்கொண்டார்.

"நான் சொல்லல, பலகை இருக்கட்டும்னு?" என்றது பின் சீட்டு. அதுதான் ஓடைக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு.

கணவாயில் நிறுத்தினாள். காற்று ஆளைத் தள்ளியது. வந்த பக்கம் சாம்பல் நிறத்தில் மலைகள், போகிற பக்கம் காடும் அதற்கு அப்பால் ஏரியின் ஒரு துண்டும். பாறையில் படைவீரர்கள் உளியால் வெட்டிய பெயர்கள் வரிசையாக இருந்தன. சில பெயர்கள் பாதியில் நின்றிருந்தன; கிளம்பு என்று யாரோ அதட்டியிருப்பார்கள். பிரேக்கம்மாவும் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கி நின்றாள்.

"கால் வலிக்கப் போகுது. உட்காருங்க."

"இதைப் பாக்கத்தானே வந்தேன்."

"ஒத்தைக் கால்ல நிக்கறது உங்களுக்குப் புதுசா என்ன."

பிரேக்கம்மா சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்; காற்றாகவும் இருக்கலாம். "நான் அந்த வளையத்தை வெச்சு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள்.

"நானும்தான் பதிலுக்குப் பேசினேன்." கண்ணாடிக்காரம்மா பாறையில் சாய்ந்தாள். "அவன் சின்ன வயசிலேர்ந்தே அப்படித்தான். பசிச்சாக்கூடச் சொல்ல மாட்டான். உங்க பொண்ணு வந்து பேச வெச்சுடுவான்னு நினைச்சேன். அது அவ வேலை இல்லையே."

"என் பொண்ணுக்கு அமைதியான ஆளு சரியா வரும்னு நான் நினைச்சேன்."

"ரெண்டு பேரும் சேர்ந்துதானே ஜோடி சேத்தோம்."

"ஆமா" என்றாள் பிரேக்கம்மா. "நமக்கு நல்லாத்தான் சேர்ந்துச்சு."

இறக்கத்தில் பின் சீட்டிலிருந்து பாடம் நடந்தது. "செகண்ட் போடுங்க. பிரேக்கையே நம்பிட்டிருக்காதீங்க, சூடாகிப் பிடிக்காம போயிடும்." இதை நீங்களா சொல்றீங்க என்று கண்ணாடிக்காரம்மா கேட்கவில்லை. சொன்னபடி செய்தாள். வளைவுகள் தளர்ந்தன, மரங்கள் வந்தன, பிறகு வேலி, பிறகு ஒரு பெட்ரோல் பங்க். சிக்னல் வந்ததும் இரண்டு போன்களும் வண்டு மாதிரி இரையத் தொடங்கின; பிள்ளைகள்தான், ஆளுக்கொரு பக்கம் விஷயத்தைச் சொல்லி வைத்தார்கள்.

மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்து எலும்பு முறியவில்லை, தசைநார்தான் பிசகியிருக்கிறது என்றார்கள். சாயங்காலம் கட்டுப் போட்டு முடிப்பதற்குள் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். புதுப்பாதை வழியாக, இரண்டு கார்களில், தனித்தனியாக. ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. தாழ்வாரத்தில் எதிரெதிரே பார்த்துக்கொண்டதும் ஒரு கணம் இருவருமே தவறான ஊருக்கு வந்துவிட்டவர்கள் போல் நின்றார்கள். பிறகு பெண்தான் முதலில் தலையசைத்தாள். அவன், "கார்ல ஏசி போட்டா இன்னும் அந்தச் சத்தம் வருதா?" என்று கேட்டான். "வருது" என்றாள் அவள். அவ்வளவுதான் அவர்களுக்குள் நடந்த பேச்சு. அதில் கசப்பு இல்லை என்பதை இரண்டு அம்மாக்களும் கவனித்தார்கள். அதற்கு மேல் அதில் எதையும் தேடவில்லை.

"அத்தை, நிஜமா நீங்களா ஓட்டினீங்க?" என்றாள் பெண்.

"உங்கம்மா பின் சீட்டுல இருந்தாங்க."

"அம்மாவா? பின் சீட்டுலயா?" அவள் தன் அம்மாவைப் புது ஆளைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

மகன் தொண்டையைச் செருமினான். "காலையில நான் உங்களைக் கூட்டிட்டுப் போயிடறேன்மா. அவங்க அவங்கம்மாவைக் கூட்டிட்டுப் போகட்டும். ஸ்கூல் காரை யாராவது வந்து எடுத்துப்பாங்க."

அவனைப் பொறுத்தவரை இது நீண்ட பேச்சு. கண்ணாடிக்காரம்மா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம்ப்பா. ஆனா ரோடு இன்னும் முடியல. கோட்டை வரைக்கும் போகணும்."

"இந்தக் காலோடயா?" என்று பெண் ஆரம்பித்தாள்.

"ஓட்டப்போறது அந்தக் கால் இல்லையே" என்றாள் பிரேக்கம்மா.

பிள்ளைகள் அன்றிரவு வெவ்வேறு விடுதிகளில் தங்கி, காலையில் வெவ்வேறு நேரத்தில் திரும்பிப் போனார்கள். பழகுநர் பலகை வைத்த கார் எதிர்த்திசையில், ஏரியை நோக்கிப் போயிற்று. அந்தக் கடைசித் துண்டுச் சாலை கிட்டத்தட்ட நேராக இருந்தது. கண்ணாடிக்காரம்மா முதல் முறையாக நாலாவது கியர் போட்டாள். பின் சீட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

கோட்டை படத்தில் இருந்ததைவிடச் சிறியது. ஒரு பக்க மதில் ஏரிக்குள் சரிந்து கிடந்தது. பீரங்கிகள் இருந்த மேல்தளத்துக்குப் போகச் செங்குத்தான கல்படிகள், கைப்பிடி கிடையாது.

"நீங்க இங்கயே இருங்க. நான் மேல போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றாள் கண்ணாடிக்காரம்மா.

பிரேக்கம்மா படிகளை அண்ணாந்து பார்த்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த ஊன்றுகோலைக் கண்ணாடிக்காரம்மா கையில் கொடுத்தாள். பிறகு ஏரிக்கு முகம் காட்டி முதல் படியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பின்னால் ஊன்றி, எழும்பி அடுத்த படியில் உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட கால் முன்னால் நீட்டிக்கொண்டு வந்தது.

"சம்பந்தி, புடவை கிழிஞ்சிரும்."

"கிழியட்டும்."

கண்ணாடிக்காரம்மா ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு படி கீழே நின்று, அந்தக் காலை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டாள். அவள் ஒரு படி எழும்ப, இவள் ஒரு படி ஏறினாள். வழியில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள். ஒரு இளம் ஜோடி உதவிக்கு வந்தது. வேண்டாம் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

மேலே ஒரே ஒரு பீரங்கி மிச்சம் இருந்தது, துருப்பிடித்து, வாயில் குருவிக்கூடோடு. அதன் நிழலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கண்ணாடிக்காரம்மா ஆரஞ்சை உரித்துப் பாதியை நீட்டினாள். கீழே ஏரி, வெயில் பட்டுக் கண் கூச, பெரியதாகக் கிடந்தது. எப்படி இறங்குவது என்பதைப் பற்றி இரண்டு பேருமே இன்னும் யோசிக்கவில்லை.